மச்சாது தண்டலின் வத்தம்

பொனவெந்தூர் மச்சாதுவின் இரத்தத்தில் சர்க்கரை இறங்கும்போதெல்லாம் தூத்துக்குடி நங்கூரத் தெருவின் கிழக்குக் கோடியிலிருந்த கண்டெய்னர் கிட்டங்கியின் மதில் காணாமல் போய், அந்த மதில் எழும்புவதற்கு முன்னால் அங்கே கிடந்த கடல் திரும்பி வந்தது. கடலோடு பாய் விரித்த தோணிகள் வந்தன. தோணிகளோடு கொழும்புக்குப் போகிற வெங்காய மூட்டைகளும் ஓடுகளும், அவற்றைச் சுமந்த ஆட்களும், அந்த ஆட்களின் பீடிப் புகையும், கரையில் காயும் சாளை மீனின் வீச்சமும் வந்தன. எல்லாம் அவர் ஒரு டம்ளர் சீனித் தண்ணியைக் குடித்து முடிக்கிற வரைக்கும் நிற்கும். பிறகு மதில் மதிலாகிவிடும், அதன் மேல் பதித்த கண்ணாடிச் சில்லுகள் வெயிலில் மினுங்கும், தெருவில் நிற்கிறவர்கள் மூக்கைச் சிந்திக்கொண்டு வீட்டுக்குள் போவார்கள்.

இதைப் பற்றி அந்தத் தெருவில் யாரும் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. "தண்ணி வத்துனா அடியில கெடக்கது தெரியத்தானே செய்யும்? கடலுக்கும் அப்படித்தான், மனுசனுக்கும் அப்படித்தான்," என்றார் எதிர்வீட்டுக் கஸ்பார். மச்சாது தண்டலாக, அதாவது தோணித் தலைவராக, இருந்து ஓட்டிய தோணியில் முப்பது வருஷம் பாய் கட்டியவர் அவர். அதனால் கடல் உள்வாங்குவதைச் சொல்கிற 'வத்தம்' என்ற சொல்லையே தெரு இதற்கும் வைத்துக்கொண்டது. "தண்டலுக்கு வத்தம் வந்துட்டு" என்று ஒரு குரல் கேட்டால் போதும், அடுப்பில் குழம்பு கொதிக்கிறதா, தலையில் எண்ணெய் வழிகிறதா என்று பார்க்காமல் எல்லோரும் ஓடி வந்தார்கள்.

ஓடி வராத ஒருத்தி டெல்பினா. தண்டலின் மருமகள். திண்டுக்கல்லில் கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளியில் படித்து, ஜெர்வினைக் கட்டிக்கொண்டு இந்தக் கரைக்கு வந்தவள். ஜெர்வின் கப்பல் எஞ்சினில் வேலை பார்த்தான், ஏதோ ஒரு கடலில் எப்போதும் இருந்தான். அவள் கையில் அவன் விட்டுப்போனது இன்னும் தவழத் தொடங்காத ஒரு பெண் குழந்தையும், ஞாயிறு முதல் சனி வரை அறை பிரித்த ஒரு மாத்திரை டப்பாவும், எழுபத்தெட்டு வயதில் சுகரும் பிரஷரும் பிடிவாதமும் கொண்ட மாமனாரும்தான். குழந்தைக்கு என்னவாவது ஆகிவிடுமோ என்று பயந்த பயத்தில் மிச்சம் இருந்ததையெல்லாம் அவள் மாமனாருக்காகப் பயந்தாள்.

முதல் வத்தம் வந்ததற்கு அவளே காரணம். தவக்காலத்து முதல் வெள்ளி. தண்டல் ஒருசந்தி பிடித்தார், அதாவது ஒரு வேளைச் சாப்பாடு மட்டும், அதுவும் சாயங்காலம் சிலுவைப்பாதை முடிந்த பிறகு. காலையில் அவள் டப்பாவைத் திறந்து வெள்ளிக்கிழமை அறையிலிருந்த சுகர் மாத்திரையைக் கையில் எடுத்து, கொடுக்கலாமா என்று ஒரு கணம் நின்றாள். மருந்தும் தண்ணீரும் நோன்பை முறிக்காது என்று மறைக்கல்வி வகுப்பில் சிஸ்டர் சொல்லிக்கொடுத்தது நினைவுக்கு வந்தது. தண்டலுக்கும் அவருடைய காலத்தில் யாரோ ஒரு உபதேசியார் அதையே சொல்லிக்கொடுத்திருந்தார். "மாத்திரை போட்டா ஒருசந்தி முறியாது, தா," என்று கையை நீட்டினார். இரண்டு பேரும் ஞானோபதேசத்தில் நல்ல மார்க்கு வாங்கியவர்கள். மாத்திரை வெறும் வயிற்றுக்குள் போனது.

உச்சிவேளையில் அவர் சட்டை தொப்பலாக நனைந்தது. நெஞ்சுக்கூடு குளிர்ந்தது. கை நடுங்கியது. வாய் குழறி "பாயை இறக்குலே" என்றார். டெல்பினா வெளியே எட்டிப் பார்த்தபோது மதில் இருந்த இடத்தில் பாய்கள் இறங்கிக்கொண்டிருந்தன. அவள் அதைப் பார்த்தாள், ஆனால் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. சுகர் மிஷினில் அவர் விரலைக் குத்தினாள், அது காட்டிய எண்ணைப் பார்த்ததும் அவளுக்கே வியர்த்தது, சீனியை அள்ளித் தண்ணீரில் கலக்கி அவர் வாயில் புகட்டினாள். கடல் போனது. தெருவில் முப்பது நாற்பது பேர் சாமி போன பிறகு சப்பரத்தடியில் நிற்பதுபோல நின்றார்கள்.

அப்பக்காரி தெக்லா அழுதுகொண்டே வந்து டெல்பினாவின் கையைப் பிடித்தாள். "ஏட்டி, எங்க அய்யா நின்னாவடி! மூட்டை மேல ஒக்காந்து வெத்தலை போட்டுட்டு இருந்தாவ. நான் சடங்கான வருசம் செத்த மனுசன்! கொஞ்சம் பொறுத்திருந்தா என் பக்கம் திரும்பியிருப்பாவ. அதுக்குள்ள என்னத்துக்குட்டி சீனிய கொடுத்த?"

அடுத்த வெள்ளியும் ஒருசந்தி. அடுத்த வெள்ளியும் வத்தம், அதைப் பட்டினி மயக்கம் என்றே நினைத்த டெல்பினா மாத்திரையைச் சந்தேகிக்கவில்லை. அதற்குள் தெரு தன்னைப் பழக்கிக்கொண்டது. வெள்ளிக்கிழமைகளில் கஸ்பார் சீக்கிரமாகச் சவரம் செய்தார். பெண்கள் கோயிலுக்குக் கட்டுகிற சேலையைக் கட்டினார்கள், செத்தவர்கள் தங்களைப் பார்க்காவிட்டாலும் அவர்கள் முன்னால் நைட்டியோடு நிற்பது மரியாதையாக இருக்காது என்று. வெயிலுக்குப் பந்தல் போட்டார்கள். பக்கத்துத் தெருக்காரர்கள் வந்தபோது, உங்கள் ஆட்கள் இந்தக் கரையில் சரக்கு ஏற்றியவர்களா என்று கேட்டு, ஏற்றியிருந்தால் மட்டும் பந்தலுக்குள் விட்டார்கள். வருகிறவர்கள் பேசமாட்டார்கள், இவர்களை ஏறிட்டும் பார்க்கமாட்டார்கள், தங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இருந்தும் அது போதுமாக இருந்தது. ஒரு கிழவர் தன் அப்பா தலைப்பாகை கட்டுவதை நாலு வாரம் பார்த்து, அதேபோலத் துண்டைக் கட்டக் கற்றுக்கொண்டார். பங்குச்சாமியார் ஒருமுறை வந்து நின்று பார்த்தார், கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த தன் அண்ணனைக் கண்டார், தொப்பியைக் கழற்றினார், அதன்பிறகு அதைப் பற்றிப் பிரசங்கம் வைக்கவில்லை.

தண்டலுக்கு வருகிறவள் அகத்தம்மா. அவருடைய மனைவி, ஜெர்வினுக்கு விவரம் தெரியும் முன்பே செத்துப்போன அவன் தாய், டெல்பினா கல்யாணப் படத்துக்குப் பக்கத்தில் மாலை போட்ட படமாக மட்டும் அறிந்தவள். கடல் வந்தால் அவள் வீட்டுக்கு முன்னால் மணலில் வந்து உட்காருவாள், டெல்பினாவை விடவும் ஒன்றிரண்டு வயது இளையவளாக, சுளகை மடியில் வைத்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டு. தண்டல் வியர்த்து நடுங்கியபடி அவளையே பார்த்திருப்பார். அவர் முகத்தில் அப்போது இருக்கிற அழகைப் பார்த்தால் சீனித் தண்ணியை நீட்டுகிற கை தயங்கும். டெல்பினாவின் கை தயங்கவில்லை. அதனால்தான் தெரு அவளைக் கொஞ்சம் கொஞ்சமாக வெறுக்கத் தொடங்கியது.

அவளுக்கு அந்தக் கடலில் யாரும் இல்லை. திண்டுக்கல்லில் செத்துப்போன அவள் அம்மா தூத்துக்குடித் தோணியில் எப்படி வருவாள்? தெருவில் எல்லோரும் ஆளுக்கொரு முகத்தைத் தேடி அழுதபோது, அழ ஆள் இல்லாத அவள் ஒருத்திதான் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, பயந்த கண்களை அகல விரித்து, எந்தத் தோணி எவ்வளவு தூரத்தில் நிற்கிறது, இன்னும் எவ்வளவு தூரம் தண்ணீர் உள்ளே போகும் என்று எல்லாவற்றையும் பார்த்தாள்.

ஈஸ்டர் கழிந்த பிறகும் தண்டல், செத்து மோட்சம் சேராமல் உத்தரிக்கிற ஆத்துமாக்களுக்காக வெள்ளிதோறும் ஒருசந்தி இருக்கப்போவதாகச் சொன்னார். டெல்பினா குழந்தையையும் டப்பாவையும் தூக்கிக்கொண்டு அவரை ஆட்டோவில் ஏற்றி டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனாள். தோணிகளைப் பற்றி அவள் சொல்லவில்லை. ஒருசந்தியைப் பற்றிச் சொன்னாள்.

"சாப்பிடாத அன்னைக்கு இந்த மாத்திரைய யாரும்மா கொடுக்கச் சொன்னது?" என்றார் டாக்டரம்மா.

"மருந்து நோன்ப முறிக்காதுன்னு..."

"நோன்ப முறிக்காது, ஆளை முறிச்சிரும். இது சாப்பாட்ட நம்பி வேலை செய்யற மாத்திரை. சாப்பாடு வரலேன்னா, உடம்புல இருக்கற சர்க்கரைய எடுத்துரும். சின்ன வயசுக்காரங்கன்னா படபடப்பு வந்து எழுந்து போய் எதையாவது தின்னுருவாங்க. இவருக்கு எழுந்து போறதுக்குள்ள மூளை மயங்கிரும். இந்த வயசுல சுகர் கொஞ்சம் கூட இருந்தா எனக்குக் கவலை இல்ல, குறைஞ்சாத்தான் கவலை. தட்டுல சாப்பாடு, அப்புறம்தான் கையில மாத்திரை. சாப்பிடலேன்னா மாத்திரை இல்ல. என்ன தாத்தா, கேட்டுச்சா?"

"கேட்டுச்சு," என்றார் தண்டல், கடலைக் கேட்கிறவர்போல வேறெங்கோ பார்த்துக்கொண்டு.

அன்றிலிருந்து டெல்பினா டப்பாவைத் தன் சேலைகளுக்கு நடுவில் வைத்தாள். அவர் ஒருசந்தி பிடித்த வெள்ளிகளில் மாத்திரை தரவில்லை. கடல் வரவில்லை. பந்தலில் உட்கார்ந்தவர்கள் மதிலைப் பார்த்துவிட்டு எழுந்து போனார்கள். தெக்லா காலையில் அப்பம் கொண்டுவந்து கொடுக்கிறபோது "எங்க அய்யாவ நீதான் ரெண்டாவது மட்டம் கொன்னவ" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள், ஆனால் அது சிரிப்பு இல்லை. "மருமொவளே, தெரு முழுக்க ஏங்கிட்டுக் கெடக்கு," என்றார் கஸ்பார். "ஒரு மணிக்கூறு வத்துனா தண்டல் செத்தா போயிருவாரு? நீ பக்கத்துல சீனிய வச்சிட்டுத்தானே நிக்க?"

"ஒரு நாள் நான் குளிச்சிட்டு இருப்பேன் மாமா. இல்ல பிள்ளைக்குப் பால் கொடுத்துட்டு இருப்பேன். அப்ப?"

கஸ்பார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு திரும்பிப் போனார். ஆனால் அவருக்கும் சுகர் இருந்தது, அவர் வீட்டு அலமாரியிலும் அதே மாத்திரை இருந்தது.

நவம்பரில் கல்லறைத் திருநாள் வந்தது. தெருவே கல்லறைகளுக்கு வெள்ளையடித்து, பூவும் மெழுகுவர்த்தியும் வைத்து ஜெபம் சொல்லிவிட்டுத் திரும்பியது. செத்தவர்களுக்கென்று வருஷத்தில் இருக்கிற ஒரே நாளிலும் அவர்கள் வராமல் போவதா என்று எல்லோரும் ஒரே மாதிரி நினைத்திருந்தார்கள், யாரும் யாரிடமும் வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும். தண்டல் விடியற்காலையில் ஒரு கடுங்காப்பியோடு போனவர் மத்தியானம் திரும்பினார். டெல்பினா தட்டை வைத்தாள்.

"கஸ்பார் வீட்டுல தின்னாச்சு."

அவள் எதிர்வீட்டைப் பார்த்து, "சாப்பிட்டாங்களா?" என்று கேட்டாள். கஸ்பாரின் மனைவி சன்னலில் நின்று "வயிறு முட்டத் தின்னாவம்மா, மீன் கொழம்பும் சோறும்" என்றாள். திருநாள் அன்று பொய் சொல்கிறோமே என்று மார்பில் சிலுவை போட்டுக்கொண்டாள், அதை டெல்பினா பார்க்கவில்லை. அவள் நம்பினாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளறைக்குப் போய்ப் பால் கொடுத்தாள்.

பால் குடித்துக்கொண்டிருந்த குழந்தை தலையைத் திருப்பி மூக்கைச் சுருக்கியது. அப்போதுதான் அவளுக்கும் வாசனை தெரிந்தது. உப்பு, தார், பீடி, காய்கிற சாளை. அதற்கும் அடியில் அவள் இதுவரை இந்தக் கடலில் முகராத ஏதோ ஒரு பழைய எண்ணெயின் வாசனை.

அவள் ரவிக்கையைக் கொக்கி மாட்டியது பாதி, மாட்டாதது பாதியாக எழுந்து, ஒரு கையில் குழந்தையும் ஒரு கையில் சீனித் தண்ணி டம்ளருமாக வெளியே வந்தபோது, கடல் அவள் ஒருபோதும் கண்டிராத தூரத்துக்கு உள்வாங்கிக் கிடந்தது. தெருக்காரர்கள் அறிந்த தோணிகளுக்கு அப்பால் யாரும் அறியாத தோணிகள் நின்றன. அப்பாக்களுக்குப் பின்னால் அப்பாக்களின் அப்பாக்கள், முத்துக் குளிக்க இடுப்பில் கயிறு கட்டியவர்கள், காதில் பெரிய கடுக்கன் போட்டவர்கள், யாருக்கும் பேர் தெரியாதவர்கள், ஈர மணலில் வரிசை வரிசையாக நின்று வேலை பார்த்தார்கள். தெரு வாய்பிளந்து நின்றது. இவ்வளவு ஆழமாக வத்த வேண்டுமானால் தண்டலுக்குள் எவ்வளவு மிச்சம் இருக்கும் என்று கணக்குப் போட்டவள் அவள் ஒருத்திதான்.

தண்டல் பந்தலின் முன்வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்திருந்தார். தலை ஒரு பக்கம் தொங்கியது. உதடு மட்டும் அசைந்தது.

"வழிய விடுங்க."

யாரும் அவளைத் தள்ளவில்லை. மெதுவாகத்தான் பிடித்தார்கள். ஒருத்தி முழங்கையை, ஒருத்தி முந்தானையை. "செத்தப் பொறும்மா." "எங்க தாத்தா அந்தா நிக்காவ." "ஒரு அருள்நிறை ஜெபம் சொல்லி முடிக்கிற நேரம்." ஒவ்வொரு கை பட்டபோதும் டம்ளர் தளும்பிச் சிந்தியது. தெக்லா அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு, "ஏட்டி, திரும்புதாவ, எங்க அய்யா திரும்புதாவ" என்று கெஞ்சினாள். முன்வரிசைக்கு இரண்டு ஆள் இருக்கும்போது டம்ளரில் அரைக்கும் குறைவாக இருந்தது.

கஸ்பார் குறுக்கே நின்றார். அவர் கண் முழுக்கத் தண்ணீர். "ஒண்ணுக்கு ரெண்டாத்தான் கொடுத்தேன்," என்றார், அது ஆறுதல் என்பதுபோல. "ஒண்ணும் ஆகாது."

அப்போது டெல்பினா யாரும் செய்யாத ஒன்றைச் செய்தாள். அத்தனை வத்தத்திலும் அத்தனை பேரும் செத்தவர்களைப் பார்த்து அழுதார்கள், பேர் சொல்லிப் புலம்பினார்கள், மன்றாடினார்கள். ஒருவரும் அவர்களிடம் வீட்டு விஷயம் பேசியதில்லை. டெல்பினா கஸ்பாரின் தோளுக்கு மேலாக எக்கி, மணலில் உட்கார்ந்து கல் பொறுக்கிக்கொண்டிருந்த பெண்ணைப் பார்த்து, ஒரு மருமகள் அடுப்படியிலிருந்து குரல் கொடுப்பதுபோலச் சொன்னாள்:

"அத்தை, மாமா காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடலை. கஸ்பார் மாமாகிட்ட மாத்திரை வேற வாங்கிப் போட்டிருக்காங்க. இவங்க யாரும் என்னை விடமாட்டேங்கறாங்க. எனக்குப் பயமா இருக்கு அத்தை."

அகத்தம்மாவின் விரல் அரிசியில் நின்றது.

"என்னது, சாப்பிடலையா?"

அவள் சுளகை இறக்கி வைத்தாள். எழுந்து சேலையைத் தட்டினாள், உமி தார்ரோட்டில் விழுந்தது. தெரு விலகியது. அவள் உயிரோடிருந்த காலத்தில் சாப்பாட்டு விஷயத்தில் அகத்தம்மாவுக்குக் குறுக்கே நின்று தப்பித்தவர் யாரும் இல்லை, கஸ்பாருக்கு அது நன்றாகத் தெரியும். அவர்தான் முதலில் விலகினார். அவள் டெல்பினாவின் கையிலிருந்து டம்ளரை வாங்கினாள். விரல்கள் பட்டபோது ஈர மணலின் குளிர்ச்சி இருந்தது. குழந்தையை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு புருஷனின் தாடையைப் பிடித்து நிமிர்த்தினாள்.

"இஞ்சேரும். கஞ்சி குடிக்காம பாய் ஏத்தப்பிடாதுன்னு எத்தனை மட்டம் சொல்லியிருக்கேன்?"

தண்டலின் கண் பாதி திறந்தது. "அகத்தா... குடிச்சா நீ போயிருவ."

"நான் போயி எம்புட்டு நாளாச்சு. இனியா போகப் போறேன்? அந்தப் பிள்ளை நடுங்கிட்டு நிக்கா, பாரும். குடியும்."

அவர் குடித்தார். சொட்டுச் சொட்டாக, கடைவாயில் வழியாமல் அவள் தன் விரலால் துடைத்துவிட, குடித்தார். ஒவ்வொரு மடக்குக்கும் தண்ணீர் மேலேறியது, முதலில் முத்துக் குளித்தவர்களை மூடியது, பிறகு பேர் தெரியாத தோணிகளை, பிறகு அப்பாக்களை. கடைசி மடக்கில் டம்ளர் தனியாக அந்தரத்தில் நின்றது. டெல்பினா அதைக் கீழே விழாமல் பிடித்தாள்.

ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் வைத்திருந்தார்கள். டாக்டரம்மா கஸ்பாரையும் கூப்பிட்டு நிற்கவைத்து, ஒருத்தர் மாத்திரையை இன்னொருத்தருக்குக் கொடுப்பதைப் பற்றி அவர் பேரன் வயதுக்காரனுக்குச் சொல்வதுபோலச் சொன்னார். தண்டலுக்கு அந்த மாத்திரையையே நிறுத்திவிட்டு, சாப்பாட்டோடு போடுகிற வேறொன்று, சின்ன அளவில், எழுதினார். அதற்குப் பிறகு அவர் சர்க்கரை எப்போதும் கொஞ்சம் தூக்கலாகவே நின்றது. டாக்டரம்மாவுக்கு அதில் கவலை இல்லை. கடல் திரும்பி வரவே இல்லை.

தெரு அவளோடு பேசவில்லை. பந்தலைப் பிரித்தார்கள். அப்பம் வரவில்லை. அவள் வாசலைத் தாண்டுகிறவர்கள் மதிலைப் பார்த்துவிட்டு அவள் வீட்டைப் பார்த்தார்கள்.

முதலில் கேட்டது ஜெர்வின். கப்பலிலிருந்து கூப்பிட்டவன், அப்பாவைப் பற்றிக் கேட்டு முடித்த பிறகு, "டெல்பி, எங்கம்மா எப்படி இருந்தாங்க?" என்றான். அவள் சொன்னாள். புருவத்தில் சுண்ணாம்பு கொஞ்சம் ஒட்டியிருந்தது, இடது கைப் பழக்கம், கோபப்பட்டால் மூக்கு முதலில் சிவக்கிறது. "இடது கையா?" என்று அவன் கேட்டான். பிறகு எல்லாவற்றையும் முதலிலிருந்து இன்னொரு தடவை சொல்லச் சொன்னான்.

அடுத்த வாரம் கஸ்பார் வந்து வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை. "எங்க அப்பச்சி அன்னைக்குத் தோள்ல என்னத்தையோ போட்டிருந்தாவ, கவுறா, துண்டா? எனக்குக் கண்ணு கலங்கி ஒரு மண்ணும் தெரியல, மருமொவளே."

"கயிறு மாமா. பச்சைக் கயிறு. ஒரு நுனி கருகியிருந்துச்சு."

கஸ்பார் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். "ஆமா. லாந்தர் கவுந்த அன்னைக்குக் கருகுனது," என்றார்.

அதன்பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். அழுதவர்கள் ஆளுக்கு ஒரு முகத்தை மட்டும், அதுவும் தண்ணீருக்குள்ளிருந்து பார்ப்பதுபோலத்தான் பார்த்திருந்தார்கள். யாருக்காகவும் அழாமல், பயத்தில் ஒன்றையும் விடாமல் பார்த்தவள் அவள் ஒருத்தி. தெக்லா ஒரு தூக்குச்சட்டி நிறைய அப்பம் மாவைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, "திரும்புனாவளாட்டி?" என்று கேட்டாள்.

"திரும்பினாங்க அக்கா. நீங்க என் இடுப்ப கட்டிக்கிட்டு என் தோள்ல முகத்த வச்சிருந்தீங்க. அப்ப திரும்பினாங்க."

"சிரிச்சாவளா?"

"வெத்தலை துப்பினாங்க."

தெக்லா அன்று அடக்கமாட்டாமல் சிரித்தாள், தூக்குச்சட்டி உருண்டு போகிற அளவுக்கு.

தண்டல் மட்டும் கேட்கவில்லை. வைத்ததைச் சாப்பிட்டார், கொடுத்ததைப் போட்டார், மதிலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். மறுவருஷத்துத் தவக்காலம் வந்தது. முதல் வெள்ளி. அவர் தட்டைத் தள்ளி வைத்தார். டெல்பினா மறுபடி அவர் பக்கம் நகர்த்தினாள். அவர் அப்பத்தைப் பார்த்தபடி, தொண்டையைக் கனைத்துக்கொண்டு கேட்டார்:

"எம்மா, அகத்தா காதுல அன்னைக்கு என்ன கெடந்துச்சு? நான் முகத்தையே பாத்துட்டு இருந்துட்டேன்."

டெல்பினாவுக்குத் தெரியும்.

"ஒரு வாய் சாப்பிடுங்க மாமா, சொல்றேன்."

அவர் அப்பத்தின் ஓரத்தைப் பிய்த்து வாயில் வைத்தார். மென்றார். விழுங்குகிற வரைக்கும் அவள் காத்திருந்தாள்.

"ஒரு காதுலதான் கம்மல். இன்னொண்ணுல ஈர்க்குச்சி சொருகியிருந்தாங்க."

தண்டலின் தாடை அப்படியே நின்றது. "மணப்பாட்டுத் திருவிழாவுக்குப் போறப்ப," என்றார் மெதுவாக, "அலைக்குள்ள விழுந்துட்டு. நான்தான் மாட்டிவிட்டேன். திருகாணிய நல்லா முறுக்கலைன்னு ஊர் வந்து சேருற வரைக்கும் ஏசுனா." அவர் கை தானாக அடுத்த துண்டைப் பிய்த்தது. "பொறவு? கையில என்ன போட்டிருந்தா?"

டெல்பினா தட்டில் இன்னொரு அப்பத்தை வைத்தாள்.